முந்திக்கொண்டு அடிக்கும் வாதம் எங்களுக்குப் பழையது

எதிரி தாக்கும் முன்பே முந்திக்கொண்டு தாக்குவது சரி என்று வாதிடும் கட்டுரை ஒன்று, 'அடி விழும்வரை வல்லரசு காத்திருக்க முடியாது' என்கிறது. ஓங்கிய கையைப் பிடிப்பது வேறு, நாளைக்கு ஓங்கக்கூடும் என்று இன்றே வீடு புகுந்து அடிப்பது வேறு. 1837இல் கனடா கிளர்ச்சியாளர்களுக்கு உதவிய கரோலைன் என்ற அமெரிக்கக் கப்பலைப் பிரிட்டிஷ் படை எரித்தபின் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டேனியல் வெப்ஸ்டர் வைத்த அளவுகோலைத்தான் சட்ட அறிஞர்கள் இன்றும் எடுக்கிறார்கள்: ஆபத்து உடனடியாக இருக்க வேண்டும், வேறு வழியோ யோசிக்க நேரமோ இருக்கக்கூடாது, அடியும் அளவு மீறக்கூடாது. ஐ.நா. சாசனத்தின் 51ஆம் பிரிவு இன்னும் இறுக்கம். 'ஆயுதத் தாக்குதல் நிகழ்ந்தால்' என்றே இருக்கிறது.

2003இல் அமெரிக்கா ஈராக்மீது தொடுத்த போர் இதில் தேறாது. ஐ.நா. ஆயுத ஆய்வாளர்கள் சோதனையை முடிக்கும் முன்பே போர். 2004இல் ஈராக்கில் ஆயுதங்களைத் தேடிய அமெரிக்காவின் சொந்தக் குழு தந்த டியூல்ஃபர் அறிக்கையே பேரழிவு ஆயுதக் கையிருப்பு இல்லை என்றது. உளவுத் தகவல் பிசகினால் செத்தவர்களை எழுப்ப முடியுமா?

டர்பனில் இருக்கும் நமக்கு இது தெரிந்த கதைதான். தென்னாப்பிரிக்க நிறவெறி அரசும், மண்டேலாவின் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸைக் குறிவைத்து, 'பயங்கரவாதிகளின் தளம்' என்று சொல்லித்தான் 1981இல் மொசாம்பிக்கின் மட்டோலா, 1982இல் லெசோத்தோவின் மசேரு, 1985இல் போட்ஸ்வானாவின் கபரோனி என எல்லை தாண்டித் தாக்கியது. மசேருவில் இறந்த 42 பேரில் 12 பேர் லெசோத்தோக்காரர்கள். ஐ.நா. பாதுகாப்பு அவை அதை 527ஆம் தீர்மானத்தில் ஒருமனதாகக் கண்டித்தது. அமெரிக்காவும் ஆதரித்துத்தான் வாக்களித்தது! அதே அமெரிக்காவின் பயங்கரவாதக் கண்காணிப்புப் பட்டியலில் மண்டேலா பெயர் 2008வரை இருந்தது.

2001 ஆப்கானிஸ்தான் போரை இதில் சேர்க்காதீர்கள். அதற்கு முன்பே அமெரிக்காமீது செப்டம்பர் 11 தாக்குதல் நடந்துவிட்டது. பாதுகாப்பு அவையின் 1368ஆம் தீர்மானம் தற்காப்பு உரிமையைக் குறிப்பிட்டது.