டெக்சாஸ் கதையையும் சொல்லியிருக்கலாம்

நிலக்கரி மின் நிலையப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்துப் பூமிக்குள் புதைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்கிற மாதிரி நான் படித்த ஒரு கட்டுரை போகிறது. சரி, பிடிக்க முடியும்தான். ஆனால் அமெரிக்காவின் டெக்சாஸில், ஹூஸ்டன் பக்கத்தில் ஒரு நிலக்கரி மின் நிலையத்தில் இதே வேலைக்காக 2017-ல் ஓடத் தொடங்கிய பெட்ரா நோவா ஆலை பற்றி ஒரு வரிகூட இல்லையே? அங்கே பிடித்த வாயுவைச் சுமார் 130 கிலோமீட்டர் குழாயில் கொண்டுபோய் ஒரு பழைய எண்ணெய் வயலுக்குள் செலுத்தினார்கள், எதற்கு, பாறையில் ஒட்டிக்கிடக்கும் மிச்ச எண்ணெயை மேலே எடுக்கத்தான்! அந்த எண்ணெய்க் காசை நம்பித்தான் பிழைப்பே, அதனால் 2020-ல் எண்ணெய் விலை விழுந்ததும் நிறுத்திவிட்டு 2023-ல்தான் மறுபடி ஓட்டினார்கள். இன்னொரு கூத்து, வாயுவைப் பிடிக்கும் கரைசலைச் சூடாக்க நீராவி வேண்டுமே, அதற்கென்று தனியாக ஒரு எரிவாயு ஆலை, அதன் புகையை யாரும் பிடிக்கவில்லை.

நார்வேயின் ஸ்லைப்னர் என்கிற கடல் எரிவாயு வயலில் 1996 முதல் கரியமில வாயுவைக் கடலடி மணற்பாறைக்குள் புதைத்து வருகிறார்கள், நல்ல ஆண்டில் கிட்டத்தட்ட 10 லட்சம் டன். ஆனால் அது மின் நிலையப் புகையே இல்லை, இயற்கை எரிவாயுவைச் சுத்தம் செய்யும்போது பிரிவது. அப்புறம், வெளியே விட்டால் அங்கே கார்பன் வரி கட்ட வேண்டும். வரி இல்லாத இடத்தில் எந்தக் கம்பெனி இந்தச் செலவைக் கையிலிருந்து போடும்?