சைலன்சரை மாற்றும் முன் பைக்கின் பின்னால் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள்

அக்கா மகன் புதிய பைக் எடுத்து இன்னும் இரண்டாவது சர்வீஸ்கூட முடியவில்லை. அதற்குள், "மாமா, ஸ்டாக் சைலன்சரைக் கழட்டிட்டு ஸ்லிப்-ஆன் போடலாம்னு இருக்கேன். நீங்களும் போட்டிருந்தீங்கல்ல?" என்று கேட்டான். ஸ்டாக் என்றால் பைக்கோடு கம்பெனியிலிருந்தே வருவது. ஸ்லிப்-ஆன் என்றால், இன்ஜினிலிருந்து வரும் குழாயை விட்டுவிட்டு, பின்பகுதிக்கு மட்டும் வெளியில் வாங்கி மாட்டுவது. நான் போட்டிருந்தது உண்மை. ஏழு மாதம் அதோடு ஓட்டியதும், பிறகு நானே அதைக் கழற்றி வைத்துவிட்டுப் பழையதை மீண்டும் மாட்டியதும் உண்மை. அவனிடம் தொலைபேசியில் அரைகுறையாகச் சொன்ன பதிலை, இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

சைலன்சர் மாற்றுகிறவர்கள் பவர் கூடும், எடை குறையும், சத்தம் நன்றாக இருக்கும் என்று காரணம் சொல்வார்கள். நானும் கேட்டவர்களிடமெல்லாம் பவர் என்றுதான் சொன்னேன். மனத்துக்குள் இருந்தது சத்தம். எதற்காக மாற்றுகிறோம் என்பதை முதலில் தனக்குத்தானே ஒப்புக்கொண்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். ஏனென்றால், பவருக்காக மாற்றுகிறவர் செய்ய வேண்டிய வேலைகள் நிறைய இருக்கின்றன, சத்தத்துக்காக மாற்றுகிறவர் பதில் சொல்ல வேண்டிய ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.

முதலில் பவர். ஸ்டாக் சைலன்சர் இன்ஜினை மூச்சு முட்ட வைக்கிறது, அதைக் கழற்றினால் இன்ஜின் தாராளமாக மூச்சு விடும் என்பது பட்டறைகளில் நெடுநாளாகப் புழங்கும் பேச்சு. இன்ஜினுக்குப் பேக் பிரஷர் (புகை வெளியேறுவதை எதிர்க்கும் அழுத்தம்) கட்டாயம் வேண்டும் என்று இதற்கு நேர்மாறாகச் சொல்பவர்களும் உண்டு. இரண்டு பேச்சிலும் உள்ள குறை, குழாய்க்குள் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்காததுதான். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் அழுத்தம் மிகுந்த புகை ஓர் அலையாக, இன்ஜினிலிருந்து சைலன்சர் வரை வளைந்து வரும் பெண்ட் பைப்புக்குள் பாய்கிறது. சூடான புகையில் ஒலியலை நொடிக்கு 500 மீட்டருக்கும் மேலான வேகத்தில் செல்லும். குழாய் அகன்று திறக்கும் இடத்தை அது எட்டியதும், அங்கிருந்து உறிஞ்சும் அலையாக மாறித் திரும்பி வருகிறது. இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் ஒருசேரச் சற்றே திறந்திருக்கும் அந்தச் சிறு இடைவெளியில் அது வந்து சேர்ந்தால், சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையை வெளியே இழுப்பதோடு, புதிய பெட்ரோல்-காற்றுக் கலவையையும் உள்ளே வரவழைக்கும். முன்பின் வந்தால் அந்த உதவி கிடைக்காது. சில வேகங்களில் எதிராகக்கூட வேலை செய்யும்.

கணக்காகவே பார்க்கலாம். அலை போய்த் திரும்ப வேண்டிய தூரம் மொத்தம் 2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதற்கு ஏறத்தாழ 4 மில்லி நொடி ஆகும். இன்ஜின் 6,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 6,000 சுற்று) ஓடும்போது அந்த 4 மில்லி நொடியில் கிராங்க் என்ற சுழல்தண்டு 144 பாகை சுற்றியிருக்கும். 3,000 ஆர்பிஎம்மில் 72 பாகைதான் சுற்றியிருக்கும். குழாயின் நீளம் மாறுவதில்லை, ஆனால் அலை வந்து சேரும் கட்டம் மாறிவிடுகிறது. எந்த நீளமும் எல்லா வேகத்துக்கும் பொருந்தாது என்பதால்தான், யமஹா நிறுவனம் 1980-களின் பிற்பகுதியில் எக்ஸப் என்ற பெயரில் குழாய்க்குள்ளேயே ஒரு வால்வை வைத்து, ஆர்பிஎம்முக்கு ஏற்ப அதைத் திறந்து மூடும்படி செய்தது. (உங்கள் பைக்கில் இப்படி ஒரு வால்வும் அதை இயக்கும் சிறு மோட்டாரும் இருந்தால், சும்மா கழற்றிப் போட்டுவிட முடியாது, மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எரியும்.) ஆக, ஸ்டாக் சைலன்சரை வடிவமைத்த பொறியாளர்கள் சத்தத்தை மட்டும் அடக்கிவைத்துவிட்டுப் போகவில்லை. நாம் அன்றாடம் ஓட்டும் நடுத்தர வேகங்களில் பிக்கப் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் அந்தக் குழாயின் நீளத்திலும் அறைகளின் அளவிலும் முடிவு செய்திருக்கிறார்கள்.

இதை ஒருமுறை கண்ணாலேயே பார்த்தேன். தெரிந்த மெக்கானிக் ஒருவர், துருப்பிடித்து ஓட்டை விழுந்த ஒரு ஸ்டாக் சைலன்சரை கிரைண்டரால் நீளவாக்கில் அறுத்துக் காட்டினார். உள்ளே மூன்று அறைகள். புகை முதல் அறையிலிருந்து நேராகப் பின்பக்கம் போகாமல், ஒரு குழாய் வழியாகக் கடைசி அறைக்குப் போய், அங்கிருந்து திரும்பி நடு அறைக்கு வந்து, மறுபடியும் பின்னால் போய்த்தான் வெளியேறுகிறது. குழாய்களின் பக்கவாட்டில் பென்சில் முனை அளவுக்குத் துளைகள். ஓர் அறையில் எதிரொலித்துத் திரும்பும் அலை இன்னோர் அலையோடு மோதி இரண்டும் வலுவிழக்கும்படி அமைத்திருக்கிறார்கள். வெளியே பார்க்கும்போது கனமான தகர உருளையாகத் தெரிந்த பொருள் அது. அன்றுமுதல் அதை டப்பா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஸ்லிப்-ஆன் பெரும்பாலும் நேர்க்குழாய். நடுவே துளையிட்ட குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடி இழைப் பஞ்சு, வெளியே உறை, அவ்வளவுதான். பெண்ட் பைப்பை அப்படியே விட்டுவிட்டுப் பின்பகுதியை மட்டும் மாற்றுவதால், அலையின் கணக்கில் பெரிய மாற்றமும் வராது, குதிரைத்திறனில் பெரிய உயர்வும் வராது. பெண்ட் பைப்பிலிருந்தே மாற்றும் ஃபுல் சிஸ்டம் போட்டு, ஏர் ஃபில்டரையும் பார்த்து, பவரை அளக்கும் டைனோவில் ஏற்றி, பெட்ரோல் அளவை முடிவு செய்யும் ஈசியூ என்ற கணினியை அதற்கேற்ப ரீமேப் செய்தால் உயர்வு கிடைக்கும். அதுவும் பெரும்பாலும் உச்ச ஆர்பிஎம் அருகில்தான். அங்கே நாம் ஒரு நாளில் எத்தனை நொடி இருக்கிறோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஸ்லிப்-ஆன் போட்ட முதல் நாள் எனக்கும் பைக் பறப்பதுபோல் இருந்தது. சத்தம் கூடினால் வேகமும் கூடியதாகவே மனம் எடுத்துக்கொள்கிறது. வழக்கமாக நான் டாப் கியரிலேயே ஏறிவிடும் ஒரு மேட்டில், அதற்குப் பிறகு ஒரு கியர் குறைக்க வேண்டியிருந்ததை இரண்டு வாரம் கழித்துத்தான் கவனித்தேன்.

கலவையின் விஷயம் இன்னும் முக்கியமானது. ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் பைக்குகளில், சீரான வேகத்தில் போகும்போது ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு, 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற அளவை ஒட்டி ஈசியூ கலவையைச் சரிசெய்துகொண்டே இருக்கும். திராட்டிலை முழுவதும் முறுக்கும்போது பெரும்பாலான பைக்குகளில் அது சென்சாரைப் பார்க்காது; தொழிற்சாலையில் எழுதி வைத்த அட்டவணையைப் பார்த்துத்தான் பெட்ரோலை ஊற்றும். சைலன்சர் மாறியதால் காற்றோட்டம் கூடினால், அந்த அட்டவணையின் கணக்கு தவறி, பெட்ரோலின் பங்கு குறைந்து கலவை மெலியும், இன்ஜின் வழக்கத்தைவிடச் சூடாக ஓடும். கார்புரேட்டர் பைக் என்றால் திருத்திக்கொள்ள ஈசியூவே கிடையாது, பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட்டை மாற்றியாக வேண்டும். திராட்டிலை விட்டதும் படபடவென்று வெடிக்கும் சத்தத்தைப் பலர் விரும்பிக் கேட்கிறார்கள். சிலிண்டரில் எரியாத பெட்ரோல் சூடான குழாயில் போய் எரிவதுதான் அது. புதிதாக மாட்டிய சைலன்சரில் அந்தச் சத்தம் திடீரென்று கூடினால், மூட்டில் காற்று கசிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். என் பைக்கில் அதுதான் நடந்தது. மூட்டை அடைக்கும் பழைய கேஸ்கட்டையே திரும்பப் போட்டிருந்தார்கள்.

கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் பற்றி என் கருத்தில் மாற்றமே இல்லை: அதை வெட்டி எடுக்கக் கூடாது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய தேன்கூடு போன்ற அந்தச் சிறு பொருள், ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸ் சூடு ஏறியதும், கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் கார்பன் டைஆக்சைடு, தண்ணீர், நைட்ரஜன் என்று மாற்றுகிறது. சிக்னலில் நமக்குப் பின்னால் நிற்பவர் என்ன மூச்சு விடுகிறார் என்பது அதைப் பொறுத்திருக்கிறது. இரண்டு குதிரைத்திறனுக்காக அதை எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

எடை குறைவது உண்மை. டைட்டானியத்தின் அடர்த்தி எஃகினுடையதில் 60 சதவீதத்துக்கும் குறைவு என்பதால், அதில் செய்த சைலன்சரைப் போட்டால் சில கிலோ இறங்கும். பந்தயத்தில் ஓடுபவருக்கு அது பெரிய விஷயம். எனக்குப் பெட்ரோல் டேங்க் நிரம்பியிருக்கும் நாளுக்கும் காலியாக இருக்கும் நாளுக்கும் உள்ள வித்தியாசம் அதைவிட அதிகம்.

இப்போது சத்தம். ஒரு நாள் விடியற்காலையில் கிளம்ப வேண்டியிருந்தது. ஹெல்மெட்டை எடுக்க மறந்து உள்ளே போன நேரத்தில், தம்பியிடம் பைக்கை ஸ்டார்ட் செய்து வைக்கச் சொன்னேன். திரும்பி வரும்போது பைக்கின் பின்பக்கமாக வந்தேன். குளிர்ந்த இன்ஜின், ஐடிலே உயர்ந்து நிற்கிறது, சைலன்சர் வாய் சுவரைப் பார்த்து இருக்கிறது. அந்த இடத்தில் நின்று நான் என் பைக்கைக் கேட்டதே இல்லை. சத்தம் நெஞ்சில் அடித்தது. எதிர்வீட்டு மாடியில் ஒரு விளக்கு எரிந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. ஏழு மாதமாக எத்தனை விளக்குகள் எரிந்திருக்கும் என்று அன்றைக்கு முழுவதும் யோசித்தபடியே ஓட்டினேன்.

ஓட்டுகிறவர் சத்தத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார், ஓட ஓட அதைப் பின்னால் விட்டுவிட்டுப் போகிறார். பின்னால் இருப்பவர்களுக்குத்தான் அது முழுமையாகப் போய்ச் சேருகிறது. டெசிபல் கணக்கும் ஏமாற்றக்கூடியது. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது, காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகக் கேட்கிறது. ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வகுத்த 41-ஆம் விதி, அதன் நான்காம் தொடர்த் திருத்தத்தின்படி, 7.5 மீட்டர் தள்ளி வைத்த மைக்கில் அளக்கும்போது, சக்திமிக்க பைக்குகளுக்கே 77 டெசிபல்தான் வரம்பு என்கிறது. வாயில் செருகியிருக்கும், சத்தத்தைக் குறைக்கும் டிபி கில்லரைக் கழற்றிய ஸ்லிப்-ஆன் பெரும்பாலும் இந்த அளவுக்குள் நிற்காது. உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பரிந்துரை, இரவில் சாலைப் போக்குவரத்தின் சராசரி ஒலி 45 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. தூக்கம் கெடுவது எவ்வளவு பெரிய விஷயமாகக் கருதப்படுகிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சத்தமான சைலன்சர் உயிரைக் காக்கும் என்ற வாதத்தை நானும் ஒரு காலத்தில் நம்பினேன். அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் தலைமையில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியின் 900 பைக் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981-இல் வெளியான அறிக்கை, ஆபத்துகளில் முக்கால் பங்குக்கு மேல் ஓட்டுநரின் நேர் முன்னால், இரு பக்கமும் 45 பாகைக்குள்ளிருந்தே வந்தன என்று கண்டது. சைலன்சரின் வாய் பார்ப்பது பின்பக்கம். முன்னால் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாட்டுக் கேட்டுக்கொண்டு திரும்பும் கார்க்காரருக்கு அது கேட்கும் நேரத்தில் நாம் அவர் அருகில் இருப்போம். விளக்கும் வெளிர்நிற உடையும் இடைவெளி விட்டு ஓட்டுவதும் அதைவிட அதிகம் காப்பாற்றும்.

நம் காதும் இருக்கிறது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி என்பது அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, நலவாழ்வு தேசிய நிறுவனம் பரிந்துரைக்கும் கணக்கு. அப்படியானால் 94 டெசிபலில் ஒரு மணி நேரம்தான். வேகமாகப் போகும்போது ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் மட்டுமே 90-ஐத் தாண்டிவிடும். அதன்மேல் சைலன்சரின் முழக்கமும் சேர்ந்தபோது, மூன்று மணி நேரப் பயணத்துக்குப் பிறகு எனக்குத் தலை கனத்தது, பின்னால் உட்கார்ந்து வந்த மனைவிக்குக் காதில் ரீங்காரம் அன்று இரவு வரை போகவில்லை.

இவ்வளவு சொன்னாலும், மாற்றவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஸ்டாக் சைலன்சர் விழுந்து நசுங்கியிருந்தாலோ, உள்ளே அரித்துப் போயிருந்தாலோ, புதிய ஸ்டாக் கிடைக்காவிட்டாலோ, சாலையில் ஓட்ட அங்கீகார முத்திரை பெற்ற, டிபி கில்லர் கழற்ற முடியாத ஒன்றைப் போடுவதில் தவறில்லை. டிராக்கில் மட்டும் ஓடும் பைக்குக்குக் கணக்கே வேறு. வாரன்டி என்னவாகும் என்பதை மட்டும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணாடி இழைப் பஞ்சு நாளடைவில் எரிந்து கரைந்துவிடும், சத்தம் ஆண்டுக்கு ஆண்டு ஏறும், அவ்வப்போது புதிதாகத் திணிக்க வேண்டும் என்பதையும் வாங்கும்போதே மனத்தில் வையுங்கள்.

அக்கா மகனுக்குச் சொன்னது இதுதான்: போட்டே தீருவது என்றால், போட்டு ஒரு மாதம் ஓட்டு. நடுவில் ஒரு விடியற்காலையில் வேறு யாரையாவது ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டுப் பின்னால் போய் நில். அதுவரை ஸ்டாக் சைலன்சரை யாருக்கும் விற்காதே. கழற்றும்போது பெண்ட் பைப் பக்கம் இருக்கும் போல்ட் இறுகிப்போயிருந்தால், முதல் நாளே எண்ணெய் விட்டு ஊற வை. வலுக்கட்டாயமாகத் திருகினால் ஸ்டட் (ஹெட்டில் பதிந்திருக்கும் திருகுத்தண்டு) முறிந்து, வேலை இன்ஜின் ஹெட் வரை போகும். திரும்ப மாட்டும்போது புது கேஸ்கட் போடு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது, அதில் கொஞ்சம் சைலன்சருக்குள்ளேயே தங்கிவிடும். அதனால் நன்றாகச் சூடேற ஓட்டிவிட்டு, ஆறிய பிறகு கழற்றி, வாயைத் துணியால் அடைத்து, அடியில் இருக்கும் சிறு வடிதுளை கீழே பார்க்கும்படி சாய்த்து வை. என்னுடையதை ஏழு மாதமும் அப்படித்தான் வைத்திருந்தேன். எடுத்து மாட்டியபோது ஒரு துளித் துருகூட இல்லை.