போர்முனை நெட்வொர்க்கை நிர்வகிப்பது யார்?

ராணுவத் தகவல்தொடர்பு என்று பேச்செடுத்தாலே குவாண்டம் குறியாக்கம், ஏஐ, 6ஜி என்று போய்விடுகிறோம். எதிரியால் ஒட்டுக்கேட்க முடியுமா, முடியாதா என்பதோடு விவாதமும் முடிந்துவிடுகிறது. அந்த நெட்வொர்க்கை யார், எந்த ஊரில் உட்கார்ந்து நிர்வகிக்கிறார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. நெட்வொர்க் நிர்வாகம்தான் என் பிழைப்பு. அதனால் உக்ரைன் போர்ச் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் என் கண் முதலில் அங்கேதான் போகிறது.

2022 பிப்ரவரி 24. ரஷ்யப் படைகள் எல்லை தாண்டுவதற்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பு, வயாசாட் நிறுவனத்தின் கேஏ-சாட் செயற்கைக்கோள் இணையம் உக்ரைனில் படுத்துவிட்டது. செயற்கைக்கோளை யாரும் தொடவில்லை. குறியாக்கத்தை யாரும் உடைக்கவில்லை. வெளியிலிருந்து உள் நெட்வொர்க்குக்குள் நுழையப் பயன்படும், ஆனால் தவறாக அமைக்கப்பட்டிருந்த ஒரு விபிஎன் கருவி வழியாக உள்ளே வந்தவர்கள், இத்தாலியின் டூரின் நகரில் இருந்த நிர்வாக மையத்தை அடைந்தார்கள். அங்கிருந்து மோடம்களுக்குக் கட்டளைகள் போயின. வழக்கமான பராமரிப்புக்கு அனுப்புகிற அதே பாதையில், முறையான கட்டளைகளாகவே போயின. நிர்வாக மையத்திலிருந்து வருவதை மோடம் சந்தேகப்படாது. சந்தேகப்படாமல் இருக்கும்படிதான் அதை நாம் வடிவமைக்கிறோம். வந்ததை அப்படியே ஏற்றுக்கொண்டு, தன் ஃபிளாஷ் நினைவகத்தில் இருந்த முக்கியத் தரவைத் தானே அழித்து எழுதிக்கொண்டது. பல்லாயிரம் மோடம்கள் இப்படிச் செத்தன. ஜெர்மனியில் சுமார் 5,800 காற்றாலைகள் தொலைக்கண்காணிப்பை இழந்தன. போருக்கும் அவற்றுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஒரே நெட்வொர்க்கில் இருந்தன, அவ்வளவுதான். மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன், அமெரிக்கா மூன்றும் ரஷ்யாதான் இதைச் செய்தது என்று வெளிப்படையாக அறிவித்தன.

இந்தச் சம்பவத்தைப் பலரும் ‘சைபர் தாக்குதல்’ என்ற ஒரு சொல்லில் கடந்துபோகிறார்கள். எனக்கு இது நிர்வாகத் தோல்வியாகத்தான் தெரிகிறது. எல்லா மோடம்களுக்கும் ஒரே நேரத்தில் கட்டளை அனுப்பும் அதிகாரம் ஓரிடத்தில் குவிந்திருந்தது. அந்த இடத்துக்குப் போகும் வழியில் ஒரு கதவு சரியாகப் பூட்டப்படவில்லை. உக்ரைனின் அப்போதைய சைபர் பாதுகாப்பு அதிகாரி விக்டர் ஷோரா முதலில் இதைப் பெரும் இழப்பு என்றார். பிறகு, ராணுவத்துக்குச் செயற்கைக்கோள் மாற்று வழி மட்டுமே, தரைவழி இணைப்புதான் முதன்மை என்று விளக்கினார். என்னைக் கேட்டால் அன்று அவர்களைக் காப்பாற்றியது அந்தத் தரைவழி இணைப்புதான்.

அடுத்து வந்தது ஸ்டார்லிங்க், எலான் மஸ்க்கின் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் நடத்தும் செயற்கைக்கோள் இணையச் சேவை. பிப்ரவரி 26 அன்று உக்ரைனின் அப்போதைய டிஜிட்டல் துறை அமைச்சர் மிகைலோ ஃபெதொரோவ் ட்விட்டரில் மஸ்க்கிடம் அதைக் கேட்டார். சில மணி நேரத்தில் சேவை திறக்கப்பட்டது. 28ஆம் தேதி முதல் தொகுதி ஆன்டெனாக்கள் வந்து இறங்கின. எந்த நாட்டு ராணுவக் கொள்முதலும் இந்த வேகத்தில் நடந்து நான் பார்த்ததில்லை. பதுங்குகுழியிலிருந்து டிரோன் காட்சி நேரடியாகத் தளபதியின் திரைக்குப் போக முடிந்ததில் ஸ்டார்லிங்க்கின் பங்கு மிகப் பெரியது. அதை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன்.

ஆனால் நிர்வாகம்? ரஷ்யா பிடித்துவைத்திருக்கும் கிரிமியாவின் துறைமுக நகரமான செவஸ்தோபோல் வரை சேவையைத் திறக்கும்படி அவசரக் கோரிக்கை வந்தது, தான் மறுத்துவிட்டேன் என்று 2023 செப்டம்பரில் மஸ்க்கே எழுதினார். அவர் செய்தது சரியா தப்பா என்பது வேறு விவாதம். ஒரு நாட்டின் படை எதுவரை போய்ச் சண்டையிடலாம் என்பதை ஒரு தனியார் நிறுவனத்தின் கவரேஜ் அமைப்பு தீர்மானித்தது என்பதுதான் என்னை உறுத்துகிறது. 2025 ஜூலை 24 அன்று எதிரி கூடத் தேவைப்படவில்லை. மைய நெட்வொர்க்கை இயக்கும் உள் மென்பொருள் சேவைகள் பழுதாகி, உலகம் முழுக்க ஸ்டார்லிங்க் சுமார் இரண்டரை மணி நேரம் நின்றது. போர்முனை முழுவதும் இணைப்பு போய்விட்டதாக உக்ரைனின் டிரோன் படைத் தளபதி ராபர்ட் புரோவ்தி தெரிவித்தார். தாக்குதலுக்கு நடுவில் இருக்கும் ஒரு பிரிவுக்கு இரண்டரை மணி நேரம் என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

இதே போரில்தான் ஃபைபர் டிரோன்களும் வந்தன. பல கிலோமீட்டர் நீளக் கண்ணாடி இழையை அவிழ்த்துக்கொண்டே பறப்பவை. ஜாமரால் அவற்றை ஒன்றும் செய்ய முடியாது, இயக்குபவருக்கும் டிரோனுக்கும் நடுவில் மூன்றாவது ஆள் கிடையாது. வயல்களிலும் மரங்களிலும் அந்த இழைகள் சிக்கிக் கிடக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள்.

ராணுவத்துக்கு எந்தப் புது நெட்வொர்க் வாங்கினாலும் முதலில் பார்க்கவேண்டியவை என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். நிர்வாகப் பாதை, பயனர்களின் தரவு ஓடும் பாதையிலிருந்தும் பொது இணையத்திலிருந்தும் முழுக்கப் பிரிந்திருக்க வேண்டும். எல்லாக் கருவிகளையும் ஒரே அடியில் மாற்றக்கூடிய கட்டளையை ஒருவர் தனியாக அனுப்ப முடியக்கூடாது. கருவிக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேரில் செய்யும் மாற்றம், ஒரு நேரத்தில் சில கருவிகளுக்கு என்று சிறு பகுதிகளாகத்தான் போகவேண்டும், ஒரு பகுதி விழுந்தால் மீதி தானாக நிற்கவேண்டும். வருடத்தில் சில நாட்கள் மைய இணைப்பை வேண்டுமென்றே துண்டித்துவிட்டு, ரேடியோவையும் காகித வரைபடத்தையும் வைத்துப் பயிற்சி நடத்தவேண்டும். பயிற்சியில் செய்யாததைக் குண்டு விழும்போது யாராலும் செய்ய முடியாது.

ஐரோப்பா இப்போது ஐரிஸ் ஸ்கொயர் என்ற சொந்தத் தகவல்தொடர்பு நெட்வொர்க்குக்காகச் சுமார் 290 செயற்கைக்கோள்களை ஏவப்போகிறது. 2024 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டார்கள், சுமார் 1,060 கோடி யூரோ. வரவேற்கிறேன். அதைக் கட்டும் கூட்டமைப்பில் பிரெஞ்சுச் செயற்கைக்கோள் நிறுவனமான யூட்டல்சாட்டும் ஒன்று. 2022இல் கேஏ-சாட்டின் பாதிக்கப்பட்ட பகுதியை வயாசாட்டுக்காக இயக்கிக்கொண்டிருந்தது யூட்டல்சாட்டின் துணை நிறுவனமான ஸ்கைலாஜிக். அன்று நடந்தது அவர்களுக்கு நேரடி அனுபவம். அதனால் ராக்கெட் அட்டவணையைவிட, புதிய நிர்வாக மையங்களில் யாருக்கு எந்த அனுமதி, அதை யார் தணிக்கை செய்வார்கள் என்ற விவரத்துக்காகத்தான் நான் காத்திருக்கிறேன்.