பெயர்தான் வேறு, கறி இருக்கிறது

'மார்த்தாண்டம், தக்கலைப் பக்கம் மாட்டுக்கறியில் பிரிஸ்கெட், ஷாங்க் எல்லாம் கிடைக்காது, திருவனந்தபுரம் போய் ஃப்ரோசன்தான் வாங்கணும்' என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். அது சரியில்லை. அந்தப் பெயரைச் சொன்னால் கடைக்காரர் முழிக்கத்தான் செய்வார். பிரிஸ்கெட்டுக்கு மாட்டின் நெஞ்சுக்கறி, ஷாங்குக்கு முழங்காலுக்குக் கீழே எலும்போடு கால்கறி என்று கேளுங்கள். உங்கள் காலையே தொட்டுக் காட்டினாலும் போதும், நான் அப்படித்தான் வாங்கினேன்.

நாக்கும் வாலும் மட்டும் கொஞ்சம் சிரமம். ஒரு மாட்டுக்கு ஒன்றுதானே! முந்தின நாளே சொல்லிவைக்க வேண்டும். ஞாயிறு பத்து மணிக்குப் போய் 'இல்லை' என்றால் எப்படி? அப்புறம், கால்கறியை வறுவலுக்குரிய அவசரத்தில் இறக்கினால் ரப்பர்தான். சிறு தீயில் மூன்று மணி நேரம் வேகட்டும், ஜவ்வு கரைந்து குழம்பே கெட்டியாகும். மரச்சீனியோடு (மரவள்ளிக்கிழங்கு) சாப்பிட்டுப் பாருங்கள்.