இரவு பத்து மணி ராம்யோன்

சியோலில் வேலை பார்த்த காலத்தில் தேச்சி-தோங் என்ற பகுதி வழியாகத்தான் அறைக்குத் திரும்புவேன். இரவு பத்து மணிக்கு அந்தத் தெரு திடீரென்று நிரம்பிவிடும். ஹாக்வோன் எனப்படும் டியூஷன் சென்டர்களைப் பத்து மணிக்கு மேல் நடத்தக் கூடாது என்பது சியோலில் விதி. அதனால் எல்லாக் கட்டடங்களும் ஒரே நேரத்தில் பிள்ளைகளை வெளியே விடும். கூட்டிப் போக ஆள் வராத பிள்ளைகள் பக்கத்துக் கடைக்குள் நுழைவார்கள்.

ஒரு நாள் அங்கே ஸ்கூல் யூனிஃபார்மில் ஒரு பையன். பதினேழு வயது இருக்கும். கப் ராம்யோனில் (கொரிய இன்ஸ்டன்ட் நூடுல்ஸ்) வெந்நீர் ஊற்றி, மூடிமேல் குச்சியை வைத்துவிட்டு, அது வேகிற மூன்று நிமிடமும் ஆங்கில வார்த்தைகளை மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். சாப்பிட்டான், சூப்பைச் சொட்டு விடாமல் குடித்தான், கிளம்பும்போது ஒரு எனர்ஜி டிரிங்க் வாங்கினான். வீட்டுக்குப் போய்ப் படுக்கப் போகிறவன் அதை வாங்க மாட்டான். அவன் இன்னும் படிக்க வேண்டியிருந்தது. நாலு மணி நேரம் தூங்கினால் பாஸ், ஐந்து மணி நேரம் தூங்கினால் ஃபெயில் என்று கொரியாவில் ஒரு பழைய பேச்சே உண்டு. அந்த வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை. எனக்குக் கவலை அவன் இதயத்தைப் பற்றித்தான்.

இதயத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. ரத்தக்குழாயின் உட்சுவர் ஒரு மெல்லிய படலம். உப்பு ஏறி, தூக்கம் குறைந்து, ரத்த அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும்போது முதலில் அடி வாங்குவது அந்தப் படலம்தான். அப்புறம் குழாய் விறைக்கிறது, சுவர் தடிக்கிறது. வலி கிடையாது, மூச்சிரைப்பு கிடையாது. கழுத்து நாடியை ஸ்கேன் செய்து அளந்தால்தான் தெரியும். இதய ஆரோக்கியத்துக்கு அமெரிக்க இதய சங்கம் வைத்திருந்த ஏழு அளவுகோல்களோடு 2022இல் தூக்கத்தையும் சேர்த்து எட்டாக்கியது சும்மா இல்லை.

கொரியாவின் மதிய உணவைக் குறை சொல்ல மாட்டேன். பள்ளியிலேயே சோறு, சூப், காய்கறி, கிம்ச்சி என்று தட்டு நிறையக் கொடுக்கிறார்கள். 2018இலேயே பள்ளிக்குள் காபி விற்பதையும் தடை செய்துவிட்டார்கள். ஆனால் பள்ளி வாசலைத் தாண்டினால் எல்லாம் கிடைக்கிறது. ஒரு பாக்கெட் ராம்யோனை சூப்போடு காலி செய்தால், உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் சோடிய (உப்பில் இருப்பது) உச்ச அளவை அநேகமாக எட்டிவிடலாம்.

எனக்கு நிஜமாகவே வயிற்றைக் கலக்கியது உடற்பயிற்சிக் கணக்கு. 2016ஆம் ஆண்டு விவரங்களை வைத்து அந்த நிறுவனம் 146 நாடுகளை ஒப்பிட்டது. 11 முதல் 17 வயதுள்ளவர்களில் தினம் ஒரு மணி நேரம்கூட உடம்பை அசைக்காதவர்கள் தென்கொரியாவில் 94 சதவீதம். எல்லா நாடுகளிலும் அதுதான் மிக மோசம். பெண் பிள்ளைகளில் 97.

இதைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளிடம் போய் 'ஓடு, சீக்கிரம் தூங்கு' என்று சொல்வது அநியாயம். அவன் எப்போது ஓடுவான்? அந்த டைம்டேபிளை அவனா போட்டான்? மாற்ற வேண்டியது பெரியவர்கள். மேல்நிலை வகுப்பில் பி.டி. பீரியடில் கணக்குப் புத்தகத்தைத் திறக்க விடக் கூடாது, டியூஷன் இன்னும் சீக்கிரம் முடிய வேண்டும். சூநுங் என்ற கல்லூரி நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்தைக் காதால் கேட்டு விடை எழுதும் பகுதி நடக்கும்போது நாடு முழுக்க விமானம் ஏறாமல் இறங்காமல் பார்த்துக்கொள்கிற அரசுக்கு இதுவா முடியாது?

கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களை மருத்துவர்கள் அறுத்துப் பார்த்து, 1953இல் முடிவை வெளியிட்டார்கள். முக்கால்வாசிப் பேருக்கு மேல் இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய்களில் நோயின் தடயம் இருந்தது. ரத்தக்குழாய் நோய் கிழவர்களுக்கு மட்டும் வருவதில்லை என்று மருத்துவ உலகம் விழித்துக்கொண்டது அப்போதுதான். அவர்களின் சராசரி வயது 22.

நான் கடையில் பார்த்த பையனுக்கு இப்போது அந்த வயதுதான் இருக்கும். அங்கே ஆண்களுக்குக் கட்டாயமான ராணுவ சேவைக்கு அவனும் போயிருப்பான்.