தோற்ற குதிரையின் வாயைத் திறந்து பாருங்கள்

நம் பக்கத்துக் குதிரை வண்டிப் பந்தயங்களில் ஒரு பழக்கம் ஊறிப்போய்விட்டது. முதல் பரிசு இதற்குத்தான் என்று எல்லோரும் நம்பியிருந்த குதிரை மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வந்தால், வண்டி நிற்பதற்குள் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். "சாரதி இழுத்துப் புடிச்சுட்டான்." "காசு கைமாறிருச்சு." அதுவும் இல்லையென்றால் "யாரோ செய்வினை வச்சுட்டாய்ங்க." குதிரைக்கு என்ன ஆச்சு என்று கேட்கிற ஆள் அந்தக் கூட்டத்தில் அநேகமாக இருப்பதில்லை. இது எனக்கு ரொம்ப நாளாகவே வருத்தம். இன்றைக்கு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

மேலூர்ப் பக்கம் ஒரு கோயில் திருவிழா. பெரிய குதிரைப் பிரிவு, போக வர 8 மைல். போட்டியில் ஒரு செவலை இருந்தது. அந்த வருஷம் சுற்றுவட்டாரத்தில் அது போன இடமெல்லாம் முதல் பரிசு. காலை ஏழு மணிக்குப் பந்தயம் என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். கொடியசைக்க வேண்டிய விருந்தினர் வந்து சேர்ந்தபோது பத்தைத் தாண்டிவிட்டது. பங்குனி வெயில். குதிரைகள் எல்லாம் வண்டியில் பூட்டியபடியே தார் ரோட்டில் நின்றன. செவலை எல்லை வரைக்கும் முன்னால்தான் போனது. திரும்பி வரும்போது சுணங்கி நாலாவதாக வந்தது. சாரதி இருபது வயசுக்கு ஒன்றிரண்டு கூடுதலாக இருக்கிற பையன். சட்டையைப் பிடித்து உலுக்காத குறைதான், அவ்வளவு பேச்சு. அவன் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை, கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு தலையைக் குனிந்தே நின்றான்.

நான் குதிரை பக்கம் போனேன். எங்கள் தாத்தா மதுரை ஸ்டேஷனில் ஜட்கா ஓட்டியவர், குதிரையைக் கண்டால் கை தானாகக் கழுத்துக்குப் போகும். மற்ற குதிரைகளுக்குத் தொடை இடுக்கில் சோப்பு நுரை மாதிரி வெள்ளையாக வேர்வை வழிந்துகொண்டிருந்தது. செவலைக்குக் கழுத்து காய்ந்து கிடந்தது. விலாவிலும் ஈரமே இல்லை. பிடரி மயிருக்கு அடியில் மட்டும் லேசான பிசுபிசுப்பு. மூக்குத் துவாரம் இரண்டும் விரிந்து விலா எலும்பு ஏறி ஏறி இறங்குகிறது, தோலைத் தொட்டால் சுடுகிறது. எட்டு மைல் ஓடிய குதிரைக்கு வேர்க்கவில்லை என்றால் அதைவிடப் பெரிய சாட்சி வேறென்ன வேண்டும்?

குதிரை உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் வேர்வையில்தான் வெளியே தள்ளுகிறது. வெப்பமும் புழுக்கமும் உள்ள ஊர்களில் சில குதிரைகளுக்கு வேர்வை குறைந்துகொண்டே வந்து ஒரு கட்டத்தில் நின்றுவிடும். ஆங்கிலேயர் காலத்தில் குளிர் தேசத்திலிருந்து நம் பக்கம் கொண்டுவந்த குதிரைகளிலேயே இதைக் கண்டு எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் குதிரை காலையில் சிங்கம் மாதிரி நிற்கும். இரண்டு மைல், மூன்று மைல் பறக்கும். உள்ளே சூடு ஏற ஏறக் கால் தானாகச் சுணங்கும். அந்த நேரத்தில் அடிப்பது கொடுமை. அடித்தால் வேகம் வராது, குதிரை விழுந்தால் உயிர் போகும். அந்தப் பையன் அடிக்காமல் விட்டான். அதைத்தான் "இழுத்துப் புடிச்சுட்டான்" என்றார்கள்.

வேர்க்கிற குதிரைக்கும் ஆபத்து உண்டு. அதன் வேர்வையில் நம் வேர்வையைவிட உப்பு அதிகம். வாரா வாரம் வெயிலில் ஓட்டிவிட்டு வெறும் தண்ணீரை மட்டும் காட்டினால் உப்புக் குறைந்து தசை இறுகும். தீவனத்தில் உப்புச் சேர்க்கிற வழக்கம் பழைய வண்டிக்காரர்களிடம் இருந்தது. இப்போது சத்து மாவு, டானிக் என்று ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறார்கள், உப்பை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது மூச்சு. குதிரைக்கு மூக்கால் மட்டுமே மூச்சு விட முடியும், நம்மைப் போல வாயைத் திறந்து இழுக்க முடியாது. நாலுகால் பாய்ச்சலில் ஒரு தாவலுக்கு ஒரு மூச்சு என்று காலோடு சேர்ந்தே ஓடும். நிற்கும்போது நிமிஷத்துக்கு முப்பது நாற்பது துடிக்கிற இதயம், முழு வேகத்தில் 200-ஐத் தாண்டும். இவ்வளவு அழுத்தத்தில் நுரையீரலின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் வெடித்துக் கசிவது பந்தயக் குதிரைகளுக்குச் சகஜம். ஓட்டம் முடிந்ததும் குழாய் விட்டுப் பார்த்தால் பாதிக்கு மேற்பட்ட குதிரைகளின் மூச்சுக்குழலில் ரத்தச் சுவடு இருக்கும். மூக்கு வழியாக வெளியே வருவது அபூர்வம், அதனால் நம் கண்ணுக்குத் தெரியாது. கொஞ்சம் கசிந்தால் ஓட்டம் பெரிதாகப் பாதிக்காது. நிறையக் கசிந்தால் குதிரை பின்தங்கும். தொண்டையில் இருக்கிற மென்மையான அண்ணம் இடம் மாறி மூச்சுப் பாதையை அடைப்பதும் உண்டு. கடைசி மைலில் "கர்ர்" என்று ஒரு சத்தம், உடனே குதிரை நின்றுபோன மாதிரி சுணங்கும். வண்டியில் இருக்கிற சாரதிக்குக் கேட்கும். பக்கத்தில் ஹாரன் அடித்துக்கொண்டு பைக்கில் வருகிறவனுக்குக் கேட்காது.

இதயமும் சில நேரம் தாளம் தப்பும். ஓடும்போது தப்பினால் குதிரை பாதி வழியிலேயே தளர்ந்துவிடும். பல சமயம் அது ஒரு நாள், இரண்டு நாளில் தானாகவே சரியாகிவிடும். அதுதான் வினை. "நேத்துத் தோத்த குதிரை இன்னைக்கு நல்லாத்தானே தீனி திங்குது, அப்ப நேத்து நடந்தது நாடகம்" என்று பேசுவார்கள். ஓட்டம் முடிந்த கையோடு யாராவது ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்திருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமிருந்திருக்காது.

வாயைப் பற்றித் தலைப்பிலேயே போட்டிருக்கிறேன், அதற்கு வருகிறேன். அமெரிக்காவில் செக்ரடேரியட் என்று ஒரு குதிரை. குதிரைப் பந்தயம் தெரிந்தவர்கள் அதன் பெயரைச் சாமி பெயர் மாதிரி சொல்வார்கள். 1973 ஏப்ரலில் நியூயார்க்கில் ஒரு பந்தயம். அதுதான் ஜெயிக்கும் என்று எல்லோரும் பணம் கட்டியிருக்க, அது மூன்றாவதாக வந்தது. ஜெயித்தது எது தெரியுமா? அதே பயிற்சியாளர் தயார் செய்த இன்னொரு குதிரை. நம் ஊராக இருந்தால் அந்த ஒரு தகவல் போதும், பஞ்சாயத்தே கூட்டியிருப்பார்கள். உண்மையில் செக்ரடேரியட்டுக்கு உதட்டின் உள்பக்கம் சீழ்க்கட்டி இருந்தது. கடிவாளம் பட்டால் வலி. வலிக்கிற வாயோடு எந்தக் குதிரை கடிவாளத்தை ஏற்று முன்னே இழுக்கும்? கட்டி ஆறியது. இரண்டே வாரத்தில் அதே குதிரை கென்டக்கி டெர்பியை இரண்டு நிமிஷத்துக்குக் குறைவாக ஓடி ஜெயித்தது, அந்த நேரத்தை இன்றுவரை எந்தக் குதிரையும் முறியடிக்கவில்லை. ஜூனில் பெல்மான்ட் பந்தயத்தில் 31 குதிரை நீளம் முன்னால் வந்தது.

நம் குதிரைகளின் வாயை எத்தனை பேர் பார்க்கிறார்கள்? மேல் கடைவாய்ப் பற்கள் வெளிப்பக்கம் தேயாமல் கத்தி மாதிரி கூராகி கன்னத்தைக் கிழிக்கும். அரம் போட்டுத் தேய்க்க வேண்டும், வருஷத்துக்கு ஒரு தடவையாவது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து ஓடுகிற குதிரை, தீனியை மென்று உருண்டையாகத் துப்புகிற குதிரை, கடிவாளம் போட வந்தால் முகத்தைத் திருப்புகிற குதிரை எல்லாமே வாயில் வலி என்று சொல்லிக்கொண்டிருக்கின்றன.

குளம்பு தனிக் கதை. தார் ரோட்டில் எட்டு மைல் என்பது மணல் தடத்தில் ஓடுவது போல அல்ல. லாடத்து ஆணி ஒன்று ஒரு நூல் உள்ளே தள்ளி இறங்கினாலும் நடக்கும்போது தெரியாது, ஓடும்போது வலிக்கும். பந்தயத்துக்கு முதல் நாள் லாடம் கட்டுவது பெரிய தப்பு என்பது என் கருத்து. நாலைந்து நாள் முன்பே கட்டி, நடக்க விட்டுப் பார்க்க வேண்டும். 2008-இல் அதே பெல்மான்ட் பந்தயத்தில் பிக் பிரவுன் என்ற குதிரை, அதுவரை தோற்றதே இல்லாதது, கடைசியாக வந்தது. ஜாக்கி வளைவிலேயே ஓட்டத்தைத் தளர்த்திவிட்டார். அவரை எவ்வளவோ திட்டினார்கள். அப்புறம் படங்களைப் பார்த்தபோது பின்னங்கால் லாடம் ஒன்று இடம் பெயர்ந்திருந்தது தெரிந்தது. முன்னங்கால் குளம்பில் ஏற்கெனவே வெடிப்பு, அதனால் பயிற்சி தடைப்பட்டிருந்தது, அன்றைக்குக் கடும் வெயில் வேறு. காரணம் இதுதான் என்று கடைசி வரை யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. அப்படியும் நடக்கும்.

தீனியில் நாம் செய்வது அன்பின் பெயரால் நடக்கிற அநியாயம். குதிரையின் வயிறு சின்னது, அதில் அமிலம் நாள் பூராவும் சுரந்துகொண்டே இருக்கும். புல்லை நாள் பூராவும் மேய்கிற பிராணிக்கு அது சரி. நாம் கொள்ளையும் கடலையையும் வேளைக்கு வேளை கொட்டிவிட்டுப் புல்லைக் குறைக்கிறோம். பந்தயத்துக்கு முந்தின ராத்திரியே புல்லையும் நிறுத்திவிடுகிறோம், வயிறு லேசாக இருக்கட்டும் என்று. காலி வயிற்றோடு ஓடும்போது அமிலம் மேலே தெறித்து வயிற்றின் மேல்பகுதியைப் புண்ணாக்கும். பந்தயக் குதிரைகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றுப் புண் இருக்கிறது என்பது உலகம் முழுக்கக் கண்ட விஷயம். ஓடுவதற்கு முன் ஒரு கைப்பிடி புல் கொடுப்பது நல்லது. இன்னொன்று, ஓய்வு நாளிலும் முழுக் கொள்ளு கொடுத்துவிட்டு மறுநாள் வேகமாக ஓட்டினால் சில குதிரைகளுக்குத் தொடையும் இடுப்பும் கட்டை மாதிரி இறுகிவிடும், மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போகும். அப்படிப் பார்த்தால் ஒரு அடிகூட நடக்க விடாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

பயணத்தையும் விடக்கூடாது. ராத்திரி பூராவும் வேனில் தலையை உயரக் கட்டி ஏற்றிவந்தால் குதிரையால் தலையைத் தாழ்த்திச் சளியை வெளியேற்ற முடியாது, நுரையீரலில் கிருமி பிடிக்கும். வழியில் நிறுத்திக் கயிற்றைத் தளர்த்திக் கொஞ்ச நேரம் தலையைத் தொங்கவிட வேண்டும்.

இதையெல்லாம் எழுதும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. பாண்டிய நாட்டுக்கும் குதிரைக்கும் பழைய பந்தம். திருவாதவூரார் குதிரை வாங்கப் போன கதை, நரி பரியான லீலை, ஆவணி மூலத்தில் இன்றும் நம் மதுரை மீனாட்சி கோயிலில் நடக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, பாண்டிய மன்னர்கள் ஹோர்முஸ், ஏடன் வணிகர்களிடம் வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் குதிரைகளைப் பெரும் பொன் கொடுத்து வாங்கினார்கள் என்றும், வருஷம் முடிவதற்குள் பெரும்பாலானவை செத்துவிட்டன என்றும் எழுதியிருக்கிறார். அவர் சொல்கிற காரணம் சரியான பராமரிப்பு இல்லை, லாடம் கட்டிக் குதிரையைப் பார்க்கத் தெரிந்த ஆள் இல்லை என்பது. வேற்று நாட்டவர் பார்வையில் மிகை இருக்கலாம். ஆனாலும் அந்தியூர்ச் சந்தையில் லட்சக்கணக்கில் கொடுத்துக் குதிரை வாங்கிவந்து, பல்லுக்கு ஒரு டாக்டரைக் காட்டாதவர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த வரிதான் ஞாபகம் வருகிறது.

சாரதிகள் காசு வாங்குவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. நடக்கிறது, தெரியும். ஆனால் பெரிய ரேஸ் கிளப்புகளில் எதிர்பார்த்த குதிரை மோசமாக ஓடினால் அதிகாரிகள் பயிற்சியாளரையும் ஜாக்கியையும் விசாரிப்பார்கள், டாக்டர் பரிசோதிப்பார், மருந்து ஏதும் கொடுத்திருக்கிறார்களா என்று சோதனைக்கு எடுப்பார்கள். அதற்கப்புறம்தான் குற்றம். அங்கேயே, அதிகம் பேர் பணம் கட்டுகிற குதிரை மூன்று பந்தயத்தில் ஒன்றில்தான் ஜெயிக்கிறது. மீதி இரண்டில் தோற்கிறது என்றால், தோல்வி என்பது இந்த விளையாட்டில் தினப்படி நடப்பது. குதிரைப் பந்தயம் திறமையைச் சேர்ந்தது என்று நம் மாநில வழக்கில்தான் 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் திறமையில் குதிரையைப் படிக்கத் தெரிவதும் சேர்ந்தது.

ஜல்லிக்கட்டுக்கு வருகிற காளையை அவனியாபுரத்திலும் பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும் கால்நடை டாக்டர் பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள். அதே மரியாதையைக் குதிரைக்கும் கொடுங்கள். ஓடுவதற்கு முன் ஒரு பார்வை, ஓடி வந்ததும் ஒரு பார்வை. விருந்தினர் வந்த பிறகு வண்டி பூட்டினால் போதும், அதுவரை நிழலில் நிற்கட்டும். வந்து சேரும் இடத்தில் தண்ணீர் டேங்கர் ஒன்று நிற்கட்டும், சூடேறிய குதிரை மேல் தொடர்ந்து ஊற்ற வேண்டும். கூடவே வருகிற பைக்குகளைப் போலீஸ் சொல்லும் முன்பே விழாக் குழுவே நிறுத்த வேண்டும். அந்தப் புகையும் ஹாரனும் எந்தக் குதிரைக்கும் நல்லதில்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். பாதி வழியில் குதிரைக்கு முடியவில்லை என்று சாரதி இறங்கி நிறுத்தினால், டாக்டர் பார்த்து ஆமாம் என்றால், கட்டின நுழைவுக் கட்டணம் முழுசாகத் திருப்பித் தரப்படும் என்று நோட்டீஸிலேயே அச்சடியுங்கள். வருகிற சித்திரைக்குப் பந்தயம் போடுகிற விழாக் குழுவினர் யாராவது இதற்குச் சம்மதித்தால், அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கை நான் தருகிறேன். உள்பெட்டியில் சொல்லுங்கள்.