செஷின் ஓய்வெடுக்கும் இடம் அல்ல

"மனசு சரியில்லையா? ஒரு வாரம் ஜென் மௌன முகாமுக்குப் போயிட்டு வா" என்று யாராவது யாருக்காவது யோசனை சொன்னால் எனக்குப் பயமாக இருக்கிறது. ஜென் பௌத்தத்தில் செஷின் என்று அழைக்கப்படும் அந்தத் தியான முகாம்களில் உட்கார்ந்தவன் நான். அதை மனதார நேசிக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன், அது ஓய்வு கிடையாது. ஓய்வு என்று சொல்லி ஆட்களை அழைப்பது தவறு.

வழக்கமாக 5 முதல் 7 நாள். விடிவதற்கு வெகுநேரம் முன்பே மணி அடித்துவிடும். அரை மணி நேரமோ முக்கால் மணி நேரமோ அசையாமல் உட்கார வேண்டும், அப்புறம் சில நிமிடம் மெதுவாக நடை, மறுபடி உட்கார வேண்டும். ஜப்பானின் அன்டாய்ஜி மடத்துக்கு 1965 முதல் 1975 வரை தலைவராக இருந்த கோஷோ உச்சியாமா இதை இன்னும் இறுக்கினார். காலை 4 மணி முதல் இரவு 9 மணி வரை, 50 நிமிடம் அமர்வு, 10 நிமிடம் நடை. சாப்பாட்டு நேரம் போக ஒரு நாளைக்கு 14 அமர்வுகள். சொற்பொழிவு, சூத்திரம் ஓதுதல், குருவுடன் தனிச் சந்திப்பு எதுவும் கிடையாது. மனம் பிடித்துக்கொள்ள ஒரு துரும்புகூட இல்லாத ஏற்பாடு அது.

பேசாமல் இருப்பதுதான் கஷ்டம் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அது சீக்கிரமே பழகிவிடும். யாரைப் பார்த்தும் சிரிக்க வேண்டாம், நலம் விசாரிக்க வேண்டாம், நம்மை யாருக்கும் நிரூபிக்க வேண்டாம் என்பது பெரிய விடுதலை. முழங்கால் வலியைக்கூடத் தாங்கிவிடலாம். போன், புத்தகம், பேச்சு எல்லாம் போன பிறகு, என்றோ முடிந்துவிட்டதாக நாம் நம்பிய துக்கமும் கோபமும் வரிசையாக வந்து நிற்கும். எழுந்து போக முடியாது. அடுத்த மணி அடிக்கும்வரை அதோடுதான் இருக்க வேண்டும்.

அதைத் தாங்க வைப்பது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள்தான். முகம் பார்ப்பதில்லை, பெயர்கூடத் தெரியாது. ஆனால் அவர்கள் அசையாமல் இருப்பதால்தான் நாமும் அசையாமல் இருக்கிறோம். நமக்காக ஒருவர் சமைக்கிறார், ஒருவர் மணி அடிக்கிறார், ஒருவர் கிண்ணத்தில் பரிமாறுகிறார். மடத்துச் சமையல் பொறுப்பாளருக்கென்றே ஜப்பானிய ஜென் குரு டோகென் 1237-ல் ஒரு தனி நூல் எழுதினார். அந்த வேலை தியானத்துக்குச் சற்றும் குறைந்ததில்லை என்பது அவர் நிலைப்பாடு. தனியாக வீட்டில் ஒரு செயலியை வைத்துக்கொண்டு இதைச் செய்துவிடலாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

இப்படிப்பட்ட இடத்துக்கு, ஏற்கெனவே நொறுங்கிக் கிடக்கும் ஒருவரை அனுப்பலாமா? தூக்கம் குறைவு, வீட்டோடு தொடர்பு இல்லை, பல முகாம்களில் குருவைத் தனியறையில் சந்திக்கும் வழக்கமும் உண்டு. நல்ல குரு என்றால் அந்தச் சில நிமிடங்கள் வாழ்க்கையையே மாற்றலாம். எல்லோரும் அப்படி இருப்பதில்லை. அமெரிக்காவில் பல பத்தாண்டுகள் ஜென்னின் ஒரு பிரிவான ரின்சாயைக் கற்பித்த குரு ஜோஷு சசாகி, அத்தகைய சந்திப்புகளிலேயே மாணவிகளிடம் தகாத முறையில் நடந்துகொண்டதாக எழுந்த குற்றச்சாட்டுகளை பௌத்த ஆசிரியர்களின் குழு ஒன்று விசாரித்தது. அந்தக் குழுவின் முடிவுகள் 2013-ல் வெளியே வந்தன. அதற்குள் எத்தனை வருடம் போய்விட்டது! மௌனம் சாதகர்களுக்கான ஒழுங்கு. நிர்வாகம் வாயை மூடிக்கொள்ள அது அனுமதி ஆகாது.

பொறுப்புள்ள மையங்கள் விண்ணப்பத்திலேயே மனநல சிகிச்சை பற்றிக் கேட்கும். அந்தக் கேள்வியில் அவமானம் எதுவும் இல்லை, உண்மையைச் சொல்லுங்கள். மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் போக வேண்டாம், அங்கே போய் மருந்தை நிறுத்தவும் வேண்டாம். முதல்முறை என்றால் அரை நாள், ஒரு நாள் அமர்வுகளில் இருந்து தொடங்குங்கள். இடையில் கிளம்ப விரும்பினால் யாரிடம் சொல்ல வேண்டும், குரு மீது புகார் என்றால் யார் விசாரிப்பார்கள், இந்த இரண்டையும் பதிவு செய்யும் முன்பே கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்துக்குப் பணம் கட்டாதீர்கள்.